வியாழக்கிழமைக்கு ஒரு கார்

மணிலாவில் இருக்கும் என் நண்பன் எலக்ட்ரிக் கார் வாங்கிவிட்டான். பாதி எலக்ட்ரிக் என்று சொல்ல வேண்டும். ஹைப்ரிட். பெட்ரோலும் குடிக்கும், பேட்டரியிலும் ஓடும். 2024-ல் வாங்கின கையோடு எனக்கு போன் செய்து அரைமணி நேரம் பூமியைப் பற்றிப் பேசினான். பூமி சூடாகிறதாம். கடல் மட்டம் ஏறுகிறதாம். நாமெல்லாம் ஏதாவது செய்தாக வேண்டுமாம்.

அவனும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பி.காம். படித்தவர்கள். மூன்று வருஷத்தில் ஒரு நாள்கூட அவன் பூமியைப் பற்றிக் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை.

"உண்மையைச் சொல்றா. எதுக்கு வாங்கினே?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் சொன்னான். "வியாழக்கிழமை தொல்லைடா."

விஷயம் இதுதான். மெட்ரோ மணிலாவில் டிராஃபிக்கைக் குறைக்க ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். உங்கள் கார் நம்பர் 1 அல்லது 2-ல் முடிந்தால் திங்கட்கிழமை நெரிசல் நேரத்தில் ரோட்டுக்கு வரக்கூடாது. 3, 4 என்றால் செவ்வாய். இப்படியே வெள்ளி வரைக்கும். காலையில் 7 முதல் 10, மாலையில் 5 முதல் 8. இதற்கு அங்கே 'கோடிங்' என்று பெயர். என் நண்பனின் பழைய கார் 7-ல் முடிகிறது. ஆகவே வியாழன்தோறும் இருட்டோடு எழுந்து ஆபீஸ் போய்ச் சேர்வான். ராத்திரி எட்டு மணிக்கு மேல்தான் கிளம்புவான். 2022-ல் வந்த எலக்ட்ரிக் வாகனச் சட்டம், இந்தக் கோடிங்கிலிருந்து எலக்ட்ரிக் வண்டிகளுக்கு எட்டு வருஷத்துக்கு விலக்கு கொடுத்துவிட்டது. ஹைப்ரிட்டுக்கும் சேர்த்து. முடிந்தது கதை. வியாழக்கிழமைக்கென்றே ஒரு கார் வாங்கிவிட்டான். பூமி அதில் ஓசியில் ஏறிக்கொண்டது.

இதில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. மனிதன் தன் சௌகரியத்துக்குத்தான் பொருள் வாங்குவான். ஆனால் போனை வைப்பதற்கு முன் அவன் ஒன்று சொன்னான் பாருங்கள், அதுதான் என்னை இந்தப் பக்கத்தை எழுத வைத்தது.

"ஆனா இந்த ஊர் ஜனங்களுக்கு இன்னும் மனசு வரலைடா. எலக்ட்ரிக்னாலே பயப்படறாங்க. மைண்ட்செட் மாறணும்."

மைண்ட்செட்! விற்காத சரக்கைக் கையில் வைத்திருக்கிறவர்கள் உலகம் முழுக்கச் சொல்லும் வார்த்தை இது. பொருளில் கோளாறு கிடையாது, விலையில் கோளாறு கிடையாது, வாங்காத உங்கள் மண்டைக்குள்தான் கோளாறு. கார் கம்பெனிக்காரர் மேடையில் சொல்வார். அதிகாரி ஆமாம் போடுவார். 'விழிப்புணர்வு தேவை' என்று மறுநாள் செய்தி வரும். பிலிப்பைன்ஸிலும் இதேதான் நடக்கிறது. ஃபிலிப்பினோக்கள் தயங்குகிறார்கள், சார்ஜ் தீர்ந்துவிடுமோ என்று பயப்படுகிறார்கள், மாற்றத்துக்குத் தயாராக இல்லை என்கிறார்கள்.

நான் சொல்கிறேன், இது அபாண்டம். அந்த ஊர் ஜனங்கள் தயாராக இல்லை என்பது பொய். அவர்களில் கணக்குத் தெரிந்தவர்கள் என் நண்பனுக்கு வெகுநாள் முன்பே எலக்ட்ரிக்குக்கு மாறிவிட்டார்கள். அவர்கள் வாங்கியது கார் இல்லை. அதனால் யார் கணக்கிலும் அவர்கள் 'நுகர்வோர்' இல்லை.

முதலில் அந்தப் பயத்தைப் பார்த்துவிடுவோம். பயம் வெறும் மனப்பிராந்தியா?

கரண்ட் கட்டுக்கு அங்கே 'பிரவுன் அவுட்' என்று சொல்கிறார்கள். 2023 ஏப்ரலில் ஆக்ஸிடென்டல் மிண்டோரோ என்கிற மாகாணத்தில் ஒரு நாளைக்கு இருபது மணி நேரம் வரை கரண்ட் இல்லை. பேரிடர் என்றே அறிவித்தார்கள். 2024 புத்தாண்டுக்கு மறுநாள் பனாய் தீவு முழுக்க இருட்டானது. சரியாக மூன்று நாளுக்கு மேல் ஆயிற்று. 2021 டிசம்பரில் ஒடெட் புயல் அடித்தபோது செபு, போஹோல் பக்கம் வாரக்கணக்கில் மின்சாரம் வரவில்லை. 2024 ஜூலையில் கரீனா புயலும் பருவமழையும் கைகோத்துக்கொண்டு மணிலாவையே முக்கி எடுத்தன. இத்தனையும் மூன்று வருஷத்துக்குள். இப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு ஒருவர், 'வண்டியை எங்கே சார்ஜ் போடுவேன், தண்ணீர் ஏறினால் பேட்டரி என்னாகும்?' என்று கேட்டால் அவருக்கு என்ன பெயர்? பயந்தாங்கொள்ளியா? என் அகராதியில் அவர் புத்திசாலி.

கரண்ட் விலையையும் கேட்டுக்கொள்ளுங்கள். 2025-ல் மணிலாவில் வீட்டுக் கரண்ட் யூனிட்டுக்குச் சுமார் 12, 13 பெஸோ. ஒரு பெஸோ என்பது நமது ஒன்றரை ரூபாய் என்று வைத்துக்கொண்டால் கிட்டத்தட்ட 19 ரூபாய். தென்கிழக்கு ஆசியாவிலேயே மிக அதிகமான கட்டணங்களில் ஒன்று. அரசு மானியம் கிடையாது. 2001-ல் ஒரு சட்டம் போட்டு மின் உற்பத்தியைத் தனியாருக்குக் கொடுத்தார்கள். போட்டி வரும், விலை இறங்கும் என்றார்கள். போட்டி வந்ததோ இல்லையோ, விலை இறங்கவில்லை. அந்தக் கரண்டிலும் அறுபது சதவீதம் நிலக்கரியிலிருந்து வருகிறது. நண்பனின் பூமிக் கவலைக்கு இந்தத் தகவலை அன்புடன் சமர்ப்பிக்கிறேன்.

ஆனால் பெட்ரோல் நிலைமை அதைவிட மோசம். 1998-லிருந்து எண்ணெய் விலையை அரசு கட்டுப்படுத்துவதில்லை. திங்கட்கிழமை கம்பெனிகள் அறிவிக்கும், செவ்வாய்க்கிழமை காலை பங்கில் விலை மாறும். ஊர் முழுக்க செவ்வாயைப் பார்த்துப் பயப்படுகிறது, நம் ஊரில் ராகுகாலத்தைப் பார்ப்பது மாதிரி. 2022 மார்ச்சில், உக்ரைன் போர் ஆரம்பித்த கையோடு, ஒரே செவ்வாயில் டீசல் லிட்டருக்கு 13 பெஸோ ஏறியது. ஒரே நாளில்!

ஆக, ஒரு பக்கம் நம்ப முடியாத கரண்ட், இன்னொரு பக்கம் தாங்க முடியாத பெட்ரோல். நடுவில் நிற்கும் சாதாரண ஃபிலிப்பினோ என்ன செய்வார்? சின்னதாக, மலிவாக, தோற்றாலும் குடி முழுகாத மாதிரி ஒன்றைப் பார்த்து வாங்குவார். 'திங்கி' என்று அங்கே ஒரு வார்த்தை உண்டு. மொத்தமாக வாங்க முடியாததைச் சில்லறையாக வாங்குவது. ஒரு சிகரெட், ஒரு பாக்கெட் ஷாம்பூ, ஒரு கரண்டி எண்ணெய். தெருவுக்குத் தெரு இருக்கும் பெட்டிக்கடைகள் பிழைப்பதே அதில்தான். எலக்ட்ரிக் வண்டியையும் அவர்கள் திங்கியாகத்தான் வாங்கினார்கள்.

இனி நான் சொல்லப் போவது ஒரு பெண்மணியைப் பற்றி. என் நண்பனின் ஆபீஸைப் பெருக்கித் துடைக்கிறவர். நாற்பதைத் தாண்டியவர். எல்லோரும் 'ஆத்தே' என்று கூப்பிடுகிறார்கள். தகலாக் மொழியில் அக்கா என்று அர்த்தம். (கேட்டதும் எனக்கு நம் ஆத்தா ஞாபகம் வந்தது. ஒரு சம்பந்தமும் இல்லை, விடுங்கள்.)

ஆத்தேவிடம் ஒரு எலக்ட்ரிக் வண்டி இருக்கிறது. மூன்று சக்கரம். முன்னால் சைக்கிள் மாதிரி ஹேண்டில் பார், பின்னால் இரண்டு பேர் நெருக்கி உட்காரும் சீட், மேலே ஒரு கூரை. சைனா சரக்கு. லித்தியமெல்லாம் கிடையாது. நம் வீட்டு இன்வெர்ட்டரில் இருக்கிற மாதிரி ஈய பேட்டரி, நாலு. வாங்கியது 2021-ல். என் நண்பனுக்குப் பூமி ஞாபகம் வருவதற்கு மூன்று வருஷம் முன்னால்.

ஏன் வாங்கினார்? கொரோனா. 2020 மார்ச் 17-ம் தேதி பொதுப் போக்குவரத்து மொத்தத்தையும் நிறுத்தினார்கள். ஜூனில் ரயிலும் கொஞ்சம் பஸ்ஸும் வந்தன. ஏழை ஜனங்களின் வண்டியான ஜீப்னி, நம் ஷேர் ஆட்டோவுக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதை மட்டும் ஜூலை வரை விடவில்லை. விட்டபோதும் சில ரூட்டுகளில் மட்டும். ஆபீஸோ திறந்துவிட்டது. பெருக்க ஆள் வேண்டும். வீட்டிலிருந்து ஆபீஸுக்கு எட்டு கிலோமீட்டர். ஆத்தே நடந்தார். பல மாதம் நடந்தார். நண்பனுக்கு இது தெரியும். அப்போது அவனும் பரிதாபப்பட்டான். காரில் வந்து இறங்கிப் பரிதாபப்பட்டான்.

இப்போது கணக்குக்கு வாருங்கள். இதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வித்தை.

2021-ல் மணிலாவில் குறைந்தபட்ச தினக்கூலி 537 பெஸோ. மாதம் 26 நாள் என்றால் 13,962. ஆத்தேவின் வண்டி 45,000 பெஸோ. மூன்றே கால் மாதச் சம்பளம். கையில் அவ்வளவு ஏது? பாதி சேமிப்பு, மீதி 'ஃபைவ் சிக்ஸ்'. ஐந்து வாங்கினால் ஆறாகத் திருப்ப வேண்டும், அதுவும் தினத்தவணையில். இந்தத் தொழிலுக்குப் பெயர் போனவர்கள் யார் தெரியுமா? பைக்கில் வீடு வீடாக வரும் நம் இந்தியர்கள். பெரும்பாலும் பஞ்சாபிகள். அங்கே இந்தியன் என்றாலே 'பும்பாய்' என்றுதான் சொல்வார்கள், பம்பாயிலிருந்து வந்தவனாம். தேசத்தின் பெருமையை எப்படியெல்லாம் நிலைநாட்டி வைத்திருக்கிறோம் பாருங்கள்.

சரி, வட்டி கட்டி வாங்கியதில் லாபம் உண்டா? அந்த நாலு பேட்டரியும் முழுசாக சார்ஜ் ஏற ஏறத்தாழ ஒன்றேகால் யூனிட் பிடிக்கும். 2025 விலையில் 15, 16 பெஸோ. அதில் முப்பது கிலோமீட்டராவது ஓடும். ஜீப்னியில் குறைந்தபட்ச டிக்கெட், முதல் நாலு கிலோமீட்டருக்கு, 2023 அக்டோபரில் 13 பெஸோ ஆனது. அதாவது ஒருமுறை ஜீப்னியில் ஏறி இறங்கும் காசுக்கு இரண்டு மூன்று பெஸோ கூடப் போட்டால், பையனைப் பள்ளிக்கூடத்தில் விட்டு, ஆபீஸ் போய், திரும்பும் வழியில் மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்துவிடலாம். உலகத்தில் கரண்ட் இவ்வளவு விலை விற்கும் ஊர்களில் ஒன்றில் இருந்துகொண்டே!

இந்தக் கணக்கை யாரும் ஆத்தேவுக்கு ஸ்லைடு போட்டு விளக்கவில்லை. விழிப்புணர்வு முகாம் நடத்தவில்லை. மைண்ட்செட் மாற்ற ஆள் அனுப்பவில்லை. அவரே போட்டார். அவரைப் போல அந்த ஊரில் ஏகப்பட்ட பேர் போட்டார்கள். பாட்டிகள், பேரனைப் பள்ளியில் விடும் தாத்தாக்கள், பலகாரம் விற்கிறவர்கள், தண்ணீர் கேன் போடுகிறவர்கள். மணிலாவின் சந்துகளில் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருப்பவை இந்த வண்டிகள்தான்.

இப்போது சொல்லுங்கள். யாருக்கு மைண்ட்செட் மாற வேண்டும்?

'உங்கள் அடுத்த கார் எலக்ட்ரிக்காக இருக்குமா?' என்று கேட்டால் முதல் காரே இல்லாதவர் என்ன பதில் சொல்வார்? அந்த நாட்டில் பதிவான வண்டிகளில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிளும் டிரைசைக்கிளும்தான். ஆனால் எலக்ட்ரிக் பேச்சு என்று வந்துவிட்டால் எல்லோருக்கும் நாலு சக்கரம்தான் கண்ணில் படுகிறது. சட்டத்துக்கும் அப்படித்தான்.

ஒரு காரை எடுத்துக்கொள்வோம். 2024-ல் சைனாவின் ஒரு சின்ன எலக்ட்ரிக் கார் அங்கே ஒன்பது லட்சம் பெஸோவுக்குக் கொஞ்சம் குறைவாக வந்து இறங்கியது. மலிவு, மலிவு என்று கொண்டாடினார்கள். 2025 ஜூலையில் தினக்கூலி 695 ஆனது. மாதம் 18,070. சாப்பிடாமல், வாடகை கொடுக்காமல் ஐம்பது மாதம் சேர்த்தால் அந்த மலிவான கார் கிடைக்கும். அதற்குள் பேட்டரிக்கு உத்தரவாதமே பாதி முடிந்துவிடும்.

அந்தக் காருக்கு அரசாங்கம் என்னவெல்லாம் செய்கிறது? 2023 ஜனவரியில் ஒரு நிர்வாக ஆணை போட்டு எலக்ட்ரிக் கார்களுக்கு இறக்குமதி வரியைப் பூஜ்யமாக்கினார் ஜனாதிபதி மார்கோஸ். அதற்கு முன்பே, 2018 வரிச் சீர்திருத்தத்தில், முழு எலக்ட்ரிக் காருக்கு கலால் வரி கிடையாது, ஹைப்ரிட்டுக்குப் பாதி என்று வைத்துவிட்டார்கள். நாற்பது லட்சம் பெஸோவுக்கு மேல் விலையுள்ள பெட்ரோல் காருக்கு கலால் 50 சதவீதம். அதே விலைக்கு எலக்ட்ரிக் கார் வாங்கினால் பூஜ்யம். கோடிங் கிடையாது. ரோடு வரியில் தள்ளுபடி. மால்களில் தனி பார்க்கிங்.

பி.காம். முதல் வருஷப் பையன்கூடச் சொல்லிவிடுவான். சலுகை சதவீதத்தில் இருந்தால், எவன் அதிகம் செலவு செய்கிறானோ அவனுக்கே அதிகம் போய்ச் சேரும். இருபது லட்சத்துக்குக் கார் வாங்கும் கனவானுக்கு அரசு விட்டுக்கொடுக்கும் வரியில் ஆத்தேவின் தெருவுக்கே மூன்று சக்கர வண்டி வாங்கிக் கொடுத்துவிடலாம். இது மிகை இல்லை, பேப்பரில் போட்டுப் பாருங்கள். கலால் மட்டுமே நாலு லட்சத்துக்குப் பக்கம் போகும். அதில் ஒன்பது வண்டி வரும்.

இன்னும் வேடிக்கை கேளுங்கள். அந்த 2023 ஆணையில் காருக்கு வரி பூஜ்யம். பஸ்ஸுக்கு பூஜ்யம். டிரக்குக்கு பூஜ்யம். எலக்ட்ரிக் மோட்டார் சைக்கிளுக்கு? 30 சதவீதம் அப்படியே! மோட்டார் சைக்கிள் தேசத்தில், மோட்டார் சைக்கிள் மட்டும் விட்டுப்போயிற்று. கேட்கிறவர்கள் கேட்டுக் கேட்டு ஓய்ந்த பிறகு, 2024 ஜூனில், அரிசி வரியைக் குறைத்த அதே ஆணையில் சேர்த்து இதையும் பூஜ்யமாக்கினார்கள். பதினேழு மாதம். 'மறந்துவிட்டோம்' என்றால்கூட நான் மன்னித்துவிடுவேன். யோசித்துத்தான் விட்டோம் என்றால் என்ன செய்வது?

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. ஏப்ரல் 15-க்கு வருகிறேன்.

எலக்ட்ரிக் வாகனச் சட்டம் 2022 ஏப்ரல் 15-ம் தேதி சட்டமானது. அப்போதைய ஜனாதிபதி டுடெர்ட்டே கையெழுத்துப் போடவில்லை. கெடு முடிந்ததால் தானாகவே சட்டமாகிவிட்டது. எலக்ட்ரிக் வண்டிகளை வளர்ப்போம், 2040-க்குள் ரோட்டில் ஓடுவதில் பாதியாவது எலக்ட்ரிக்காக இருக்கும்படி பார்ப்போம் என்றெல்லாம் அதை ஒட்டித் திட்டம் தீட்டினார்கள். சரியாக இரண்டு வருஷம் கழித்து, அதே ஏப்ரல் 15-ம் தேதி, 2024-ல், மெட்ரோ மணிலா வளர்ச்சி ஆணையத்தின் ஒரு தீர்மானம் அமலுக்கு வந்தது. எட்சா, ராக்ஸஸ் பூலவார்டு மாதிரி பெரிய ரோடுகளில் இ-பைக், இ-டிரைக் வரக்கூடாது. வந்தால் 2,500 பெஸோ அபராதம். அன்றைய தினக்கூலி 610. நாலு நாள் கூலி! அந்தத் தடைப் பட்டியலில் எலக்ட்ரிக் வண்டியோடு கூட இருந்தவை எவை தெரியுமா? மிதி ரிக்‌ஷா, தள்ளுவண்டி.

ஆச்சா? ஒரே நாடு. ஒரே தேதி. நாலு சக்கரத்தில் பேட்டரி இருந்தால் எதிர்காலம், தனி பார்க்கிங். மூன்று சக்கரத்தில் பேட்டரி இருந்தால் தள்ளுவண்டி.

கூக்குரல் கிளம்பியது. மூன்று நாளில் ஜனாதிபதி தலையிட்டு ஒரு மாதம் அவகாசம் கொடுத்தார். மாதம் முடிந்ததும் மறுபடி அபராதச் சீட்டு. 2025 கடைசியில் போக்குவரத்துத் துறை, பெரிய ரோட்டில் வரும் இ-டிரைக்குகளை டிசம்பர் 1 முதல் பிடித்து வைப்போம் என்றது. எதிர்ப்பு வந்ததும் 2026 ஜனவரி 2 என்று தள்ளிப்போட்டது. பிடிப்பதும் விடுவதுமாக ஒரு கண்ணாமூச்சி.

நண்பனிடம் இதைச் சொன்னேன். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"நீ மெட்ராஸ்ல உட்கார்ந்துட்டு பேசறே. இங்க வந்து பாருடா. லைசென்ஸ் கிடையாது, ஹெல்மெட் கிடையாது, ராங் சைடுல வருவாங்க. பன்னெண்டு வயசுப் பையன் ஓட்டிட்டு வரான். அடிபட்டா யார் பொறுப்பு?"

நியாயமான கேள்வி. மழுப்ப மாட்டேன். அந்த ஆணையமே 2023-ல் ஐந்நூறுக்கு மேல் விபத்து என்று கணக்குக் காட்டியது. எட்சா மாதிரி ரோட்டில் பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவே இருபத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில் ஒரு தகரக் கூரை ஊர்ந்து போவது எனக்கும் உவப்பான காட்சி இல்லை. லைசென்ஸ் கேட்பது தப்பே இல்லை. குழந்தைகள் ஓட்டினால் பிடிக்கத்தான் வேண்டும்.

ஆனால் யோசியுங்கள். குறைந்த வேக வண்டிகளுக்குப் பதிவும் வேண்டாம், லைசென்ஸும் வேண்டாம் என்று 2021-ல் விதி எழுதியது யார்? அதே அரசு. விதியைப் படித்துவிட்டுத்தானே விற்றார்கள், வாங்கினார்கள்? கடையில் விற்கும்போது சும்மா இருந்துவிட்டு, வட்டிக்கு வாங்கி வாங்கினவள் ரோட்டுக்கு வந்ததும் மடக்கினால் அதற்குப் பெயர் ஒழுங்குமுறையா? கொரோனா காலத்தில் சைக்கிள் பாதை என்று மணிலா, செபு, தவாவ் மூன்று ஊரிலுமாக ஐந்நூறு கிலோமீட்டருக்குக் கோடு போட்டார்கள். கோடுதான். பெரும்பாலான இடங்களில் பெயின்ட் மட்டும். அதில் நாலு அடி அகலப்படுத்தி, நடுவில் ஒரு சுவர் வைத்து, மெதுவாகப் போகும் வண்டிகளுக்கெல்லாம் இதுதான் வழி என்று விட்டிருந்தால் எட்சாவுக்குள் எவன் வரப்போகிறான்? வேண்டுமென்றா சாவைத் தேடி வருகிறார்கள்? சந்து எல்லாம் ஏதோ ஒரு இடத்தில் பெரிய ரோட்டில்தான் போய் முட்டுகிறது. பத்து நிமிஷம் அந்த ரோட்டில் போனால்தான் அடுத்த சந்து. அந்தப் பத்து நிமிஷத்துக்கு வழி சொல்லாமல் தடை மட்டும் சொன்னால்?

எங்கள் வாக்குவாதம் இந்த இடத்தில் கொஞ்சம் சூடானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். "உன் காருக்கு டிராஃபிக் விதியிலேருந்து விலக்கு கொடுத்தாங்க. அவங்க வண்டிக்கு ரோட்லேருந்தே விலக்கு கொடுத்துட்டாங்க" என்றேன். அவன் சிரிக்கவில்லை.

ஜீப்னிக்காரர்கள் கதையும் இதற்குச் சகோதரிதான். இரண்டாம் உலகப் போர் முடிந்து அமெரிக்கர்கள் விட்டுப்போன ஜீப்புகளை நீட்டி, பெயின்ட் அடித்து, சேவல் படம் போட்டு உருவான வண்டி அது. பழையது, புகை கக்கும், ஒப்புக்கொள்கிறேன். 2017-ல் இவற்றை மாற்றப் போகிறோம் என்றார்கள். புதிய வண்டி விலை 24 லட்சம் பெஸோவுக்கு மேல். டீசலாக இருந்தாலும் சரி, எலக்ட்ரிக்காக இருந்தாலும் சரி. மானியம் முதலில் 80,000, பிறகு 1,60,000, அப்புறம் இன்னும் கொஞ்சம். மிச்சத்துக்கு வங்கிக் கடன், கூட்டுறவு சங்கத்தில் சேர்ந்தால்தான். ஒற்றை ஜீப்னியை வைத்துப் பிழைப்பவர், பர்மிட்டை சங்கத்திடம் ஒப்படைத்துவிட்டு, கடனை மட்டும் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போக வேண்டும். 2023 மார்ச்சில் ஸ்டிரைக் செய்தார்கள். மறுபடி மறுபடி செய்தார்கள். 2024 ஏப்ரல் 30-தான் சங்கத்தில் சேரக் கடைசிக் கெடு என்றார்கள். அப்போதும் வந்து நின்றது அதே பல்லவி. இவர்கள் மாற்றத்துக்கு எதிரிகள். மைண்ட்செட்.

ஏழைக்கு எலக்ட்ரிக் வண்டி கொடுக்க அரசு முயலவே இல்லை என்றும் சொல்லக்கூடாது. 2012 டிசம்பரில் ஆசிய வளர்ச்சி வங்கி 30 கோடி டாலர் கடன் கொடுத்தது. ஒரு லட்சம் இ-டிரைக், உயர்ந்த ரக லித்தியம் பேட்டரியோடு. டிரைசைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு. கடைசியில் ஒரு லட்சம் சுருங்கி மூவாயிரமானது. டெண்டர், தாமதம், விலை, விருப்பமில்லாத உள்ளாட்சிகள். ஒரு லட்சத்தை வைத்து ஆரம்பித்து மூவாயிரத்தில் நின்ற அந்தத் திட்டம் தூங்கிக்கொண்டிருந்த அதே வருஷங்களில்தான், ஒரு பைசா மானியம் இல்லாமல், ஈய பேட்டரி வண்டிகள் கடைத்தெருவில் தானாக விற்றுத் தீர்ந்தன. ஜனங்கள் எலக்ட்ரிக்கை வேண்டாம் என்று சொல்லவில்லை. நீங்கள் கொடுத்த விலையில், நீங்கள் போட்ட நிபந்தனையில் வேண்டாம் என்றார்கள்.

(அந்த நாடு உலகத்தில் இரண்டாவது பெரிய நிக்கல் உற்பத்தியாளர், நிக்கலை வெறும் மண்ணாகக் கப்பலேற்றுகிறது, அதை எதிர்த்து 2023-ல் சிபுயான் தீவுக்காரர்கள் ரோட்டில் படுத்தார்கள். அது வேறு கணக்கு. இன்னொரு வாரம் பார்க்கலாம்.)

ஈய பேட்டரி நல்லதா? இல்லை. ஒன்றரை, இரண்டு வருஷத்தில் செத்துவிடும். பழசை உடைத்து ஈயம் எடுக்கும் பட்டறைகள் அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்கு விஷம். அரசாங்கம் உள்ளே புகுந்து உதவ வேண்டிய இடம் இருக்கிறது என்றால் அது இதுதான். ஈயத்திலிருந்து லித்தியத்துக்கு மாற ஒரு சின்னக் கடன், பழைய பேட்டரியைத் திரும்ப வாங்கிக்கொள்ள ஒரு முறை. காருக்கு விட்டுக்கொடுத்ததில் ஒரு துளி போதும். எந்த ஆணையிலும் நான் அதைப் பார்க்கவில்லை.

போன வாரம் நண்பன் மறுபடி கூப்பிட்டான். கோபம் தணிந்திருந்தது. அடுத்ததாக முழு எலக்ட்ரிக் வாங்கலாமா என்று யோசிக்கிறானாம். வரி பூஜ்யம் 2028 வரைதான், அதற்குள் முடித்துவிட வேண்டும் என்றான். வாங்குடா, நல்லா இரு என்றேன்.

"ஆத்தே எப்படி இருக்காங்க?"

வண்டி இருக்கிறதாம். பெரிய ரோட்டை விட்டுவிட்டு மூன்று சந்து சுற்றி வருகிறாராம். பத்து நிமிஷ தூரம் அரைமணி ஆகிறது. பையனை அதனால் முன்னாடியே எழுப்ப வேண்டியிருக்கிறது. அதோடு பேட்டரி மாற்றும் நேரமும் வந்துவிட்டது. சார்ஜ் சீக்கிரம் இறங்குகிறது, மேட்டில் இறங்கித் தள்ள வேண்டியிருக்கிறது. நாலுக்கும் சேர்த்து விலை விசாரித்துக்கொண்டிருக்கிறார். பும்பாயிடம் இந்தமுறை வாங்க வேண்டாம் என்று பார்க்கிறாராம். பதிமூன்றாவது மாதச் சம்பளம் என்று ஒன்றை டிசம்பர் 24-க்குள் கொடுத்தாக வேண்டும் என்பது அந்த ஊர்ச் சட்டம். அதுவரை இழுத்தால் போதும் என்று நாலில் எது ரொம்ப மோசமோ அதை மட்டும் மாற்றிக்கொண்டு ஓட்டுகிறார்.